லாரி வந்து செப்டிக் டேங்க் கழிவை எடுத்துப் போன பிறகும் டாய்லெட்டில் தண்ணீர் நிற்கிறதே, ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலம் கன்னங்குறிச்சியில் ஒன்பது வருடம் முன்பு கட்டிய மாடி வீடு, ஐந்து பேர் இருக்கிறார்கள். போர்டிகோவுக்கு அடியில் செப்டிக் டேங்க், காம்பவுண்டு ஓரமாக உறை இறக்கிய சோக்பிட் (டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற குழி), பின்பக்கம் கிணறு. கீழே இருக்கிற டாய்லெட்டில் ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் மேலே ஏறி நின்று, அப்புறம் மெதுவாக இறங்குகிறது. பக்கத்துக் குளியலறையின் தரை ஜாலியில் களக் களக் என்று சத்தம். மாடியில் எந்தத் தொந்தரவும் இல்லை. புரட்டாசியில் லாரி வைத்து எடுத்தார்கள், ஐப்பசி முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. லாரிக்காரர் சோக்பிட் போய்விட்டது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் உறையை இன்னும் பத்தடி இறக்கச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவர் பாக்டீரியா பவுடர் போடச் சொல்கிறார். தை மாதம் வீட்டில் வளைகாப்பு. யார் சொல்வதைக் கேட்பது, கோளாறு எங்கே என்று நாமே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி.

லாரிக்காரர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் வாய்வார்த்தையை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். மூடியைத் திறந்து தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பலருக்கு இருக்கிற ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். செப்டிக் டேங்க் நிறைந்திருப்பது கோளாறே இல்லை. அது எப்போதும் நிறைந்துதான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வருவதில் கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கிற ஓரளவு தெளிந்த தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாகச் சோக்பிட்டுக்குப் போகும். ஒரு குடம் உள்ளே வந்தால் ஒரு குடம் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. "லாரி வச்சு எடுத்து ஒரு மாசம்கூட ஆகலைங்க, திறந்து பார்த்தா முழுசா நிக்குது, ஏமாத்திட்டான்" என்று கோபப்படுபவர்கள் நிறைய. ஏமாற்றியும் இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் நிறைந்திருப்பது அதற்குச் சாட்சி ஆகாது.

ஆக, பார்க்க வேண்டியது நிறைந்திருக்கிறதா என்பதை அல்ல. வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு ஒப்பிட்டால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை. சரியாக அந்த விளிம்பில் நின்றால் டேங்கும் சோக்பிட்டும் அவற்றின் வேலையைச் செய்கின்றன. கோளாறு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கிற குழாயிலோ, குழாய்கள் சேர்கிற சின்னத் தொட்டியான சேம்பரிலோதான். விளிம்புக்கு மேலே ஏறி, உள்ளே வரும் குழாயையும் தொட்டு நின்றால் வெளியே போகிற வழி அடைத்திருக்கிறது. ஒன்று குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கிற T வடிவத் துண்டு (டீ) அடைத்திருக்கும், இல்லை சோக்பிட் வாங்கவில்லை. லாரி எடுத்துச் சில மாதம் ஆன பிறகும் விளிம்புக்குக் கீழே நின்றால் டேங்க் எங்கோ விரிந்து மண்ணுக்குள் கசிகிறது. மூன்றில் மோசமானது இந்தக் கடைசி வகை. அதைத்தான் நம் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், "வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு, எங்க டேங்க் ஒருதடவைகூட நிறையலை" என்று. இருபது வருடக் கழிவு எங்கே போனது? அடித்தளம் போடாத டேங்க், அல்லது டேங்க் என்ற பெயரில் வெறும் உறை. அந்தக் கழிவு அவர்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டு போருக்கோ போய்க்கொண்டிருக்கிறது.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். மீத்தேன் தீப்பிடிக்கும், அதனால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, லைட்டர் எதுவும் கூடாது; டார்ச் போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் நின்றதும் சரியாகிவிட்டது என்று தலையை உள்ளே விட்டவர்கள் அப்படியே விழுந்திருக்கிறார்கள். மூடியை முழுக்க நகர்த்தி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் தூக்கிவிட இன்னொருவர் குதிக்கக் கூடாது, 101-க்கும் 108-க்கும் போன் போட வேண்டும். ஒரு டேங்கில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான், காப்பாற்றப் போய்.

திறந்ததும் தண்ணீரை மட்டும் பார்க்காமல் சுவரையும் பாருங்கள். இப்போது நிற்கிற மட்டத்துக்கு மேலே கறுப்பாக ஒரு கோடும், அதில் ஒட்டிக் காய்ந்த ஆடையும் இருந்தால், முன்பு அவ்வளவு உயரம் ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் மட்டும் தொந்தரவு வருகிற வீடுகளில் வெயில் நாளில் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இந்தக் கறை மட்டும் உண்மையைச் சொல்லும். வெளியேறும் இடத்தில் டீ குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரின் நடுப்பகுதியிலிருந்து எடுப்பதற்காகக் கீழ்நோக்கி ஒரு துண்டுக் குழாய் தொங்க வேண்டும். லாரி ஹோஸ் இடித்து அது கழன்று விழுந்திருப்பது சகஜம். அது இல்லாவிட்டால் மிதக்கிற ஆடை நேராகச் சோக்பிட்டுக்குப் போகும். புது சோக்பிட் போட்டாலும் கொஞ்ச நாளில் அடைந்துவிடும்.

சேறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் வழி உண்டு. டேங்க் ஆழத்தைவிட இரண்டடி நீளமான மூங்கில் கழியோ பிவிசி குழாயோ எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கச் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். ஆடையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கழியை நேராக, மெதுவாக, அடி தட்டும்வரை இறக்குங்கள். வேகமாகக் குத்தினால் சேறு கலங்கிக் கணக்குத் தப்பும். சில நிமிடம் அப்படியே பிடித்திருந்து அதே நிதானத்தில் எடுங்கள். துணியில் கீழ்ப்பகுதி கறுப்பாக, துணுக்குகள் ஒட்டி வரும். அதற்கு மேல் சாம்பல் நிற ஈரம் மட்டும் இருக்கும். இரண்டும் பிரிகிற இடம் கண்ணுக்கே தெரியும். கறுப்பு உயரம் மொத்தத் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் லாரியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், துணியைப் புதைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அளந்து பார்த்தால் உங்கள் வீட்டுக்கு எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும்.

லாரி விஷயத்தில் ஏமாற்று எங்கே நடக்கும் என்றால் இங்கேதான். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி தண்ணீர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் டேங்கில் இருப்பது சுமார் 5,600 லிட்டர். வந்த லாரி அதைவிடச் சிறியதாக இருந்து, ஒரே லோடில் முடித்துவிட்டால், உறிஞ்சியதெல்லாம் மேலே இருக்கிற தண்ணீரைத்தான். ஹோஸை மேலாகப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும், அடியில் கெட்டிப்பட்ட சேறு அசையாமல் கிடக்கும். ஹோஸ் அடிவரை போகிறதா, எடுத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி அடித்துச் சேற்றைக் கலக்கி எடுக்கிறார்களா என்று நின்று பாருங்கள். அதற்காக டேங்கைக் கழுவித் துடைத்துச் சுத்தமாக்கச் சொல்ல வேண்டாம். அடியில் கொஞ்சம் சேறு மிச்சம் இருந்தால்தான் கிருமிகள் மறுபடி வேலையைத் தொடங்கும். சேறு கெட்டியாகிவிட்டது என்று சொல்லி ஆளை உள்ளே இறக்கப் பார்த்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்கு வைத்தவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம்வரை சிறையோ இரண்டு லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார். சட்டம் இருக்கட்டும், ஓர் உயிர் போகிற இடம் அது. உரிமம் உள்ள லாரிக்கு 14420 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டாய்லெட் தண்ணீர் மட்டும் டேங்குக்குப் போனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு 150 முதல் 200 லிட்டர். காலியான 5,600 லிட்டர் டேங்க் நிறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் சோக்பிட்டுக்கு வேலையே இல்லை. டேங்க் சும்மா வாங்கிக்கொண்டே இருக்கும், டாய்லெட் ஜம்மென்று போகும். டேங்க் நிறைந்து முதல் குடம் வெளியே போக வேண்டிய அன்றுதான் சோக்பிட்டுக்குப் பரீட்சை. புரட்டாசியில் எடுத்து ஐப்பசிக் கடைசியில் தொந்தரவு திரும்பியது என்றால், டேங்க் நிறைகிற நேரமும் உங்களுக்குக் கிடைத்த நிம்மதியும் ஒரே அளவு. சோக்பிட் கொஞ்சம்கூட வாங்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. லாரி எடுத்து ஒன்றரை வருடம் நன்றாக ஓடி அப்புறம் அடைத்திருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

மாடியில் தொந்தரவு இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தேங்கி நிற்கிற தண்ணீர் முதலில் தலைகாட்டுவது எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிற வாயில்தான். கீழ்த்தளத்துத் தரை ஜாலியும் இந்தியன் டாய்லெட்டும் அப்படிப்பட்டவை. மாடியில் ஊற்றுவதும் அதே குழாயில்தான் இறங்குகிறது. மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ் ஜாலியில் களக் சத்தம் வந்தால் பொதுக்குழாய் நிரம்பி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அந்த வழியாக வெளியேறுகிறது. ஒரே ஒரு டாய்லெட் மட்டும் மெதுவாகப் போய், மற்ற எல்லாம் சரியாக இருந்தால் அது வேறு கதை: அந்த டாய்லெட்டின் ட்ராப்பில் (தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கிற வளைவில்) துணியோ நாப்கினோ அடைத்திருக்கும், பிளம்பர் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார். அதற்குப்போய் டேங்கைத் தோண்டாதீர்கள்.

நாற்றத்தையும் இடம் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். வீட்டுக்குள், யாரும் புழங்காத குளியலறையில் மட்டும் நாற்றம் என்றால் பெரும்பாலும் ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்திருக்கும். இரண்டு சொம்பு ஊற்றினால் போய்விடும். விருந்தாளி அறை, பூட்டிக் கிடக்கிற மாடிப் போர்ஷன், சீசனுக்கு மட்டும் திறக்கிற ஏற்காட்டு வீடுகள் எல்லாம் இந்த வகை. வெளியே, மாலையில் காற்று அடங்கின பிறகு போர்டிகோ பக்கம் நாற்றம் என்றால் மூடி விரிந்திருக்கலாம், இல்லை காற்றுக்குழாய் ஜன்னல் உயரத்திலேயே நின்றுவிட்டிருக்கலாம். குழாயை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றினால் போதும். காம்பவுண்டு ஓரம், மண்ணிலிருந்தே நாற்றம் வந்தால் சோக்பிட் வழிகிறது.

கொசுவும் ஒரு அறிகுறிதான். வாசலில் தேங்கின தண்ணீர் எங்கும் இல்லை, ஆனால் பொழுது சாயும்போது வீட்டைச் சுற்றிக் கொசு மொய்க்கிறது என்றால் காற்றுக்குழாயின் நுனியைப் பாருங்கள். வலை கட்டாத குழாய் வழியாகக் கொசு உள்ளே போய் முட்டையிட்டு, அந்தக் கழிவு நீரிலேயே கூட்டம் கூட்டமாகப் பெருகும். யானைக்கால் நோயைப் பரப்புகிற க்யூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். பலர் வலை கட்டியிருப்பார்கள், வெயிலில் அது இற்று உதிர்ந்து பல வருடம் ஆகியிருக்கும்.

சோக்பிட்டைச் சுற்றி மண் சொதசொதவென்று இருப்பது, காலை வைத்தால் லேசாக அமுங்குவது, வெயில் காலத்திலும் அந்த ஒரு வட்டத்தில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருப்பது, இவையெல்லாம் தெரிந்த அடையாளங்கள்தான். நம் ஊரில் கஷ்டம் என்னவென்றால், அங்கே வாழை வைத்திருப்பார்கள். தார் பெரிதாகத் தள்ளுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், சந்தேகம் வராது. வாழை வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது தண்ணீரை நிறையவே உறிஞ்சும். ஆனால் ஆலோ அரசோ தானாக முளைத்திருந்தால் உடனே பிடுங்குங்கள். அதன் வேர் டேங்க் சுவரைப் பிளக்கும்.

யாரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது: டேங்க் போர்டிகோவுக்கு அடியில், மேலே கார். உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலாப்பின் அடிப்பக்க ஈரத்தில் கரைந்து, கிருமிகளால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டைத் தின்னும். அப்புறம் கம்பி துருப்பிடித்து ஊதும், பூச்சு உரிந்து விழும். மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்கும், அடியில் பாதித் தடிமன் போயிருக்கும். மூடியைத் திறந்தபோதே டார்ச்சைச் சாய்த்து சிலாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா, கம்பி வெளியே தெரிகிறதா? மேலே டைல்ஸைத் தட்டினால் பொத்துப் பொத்து என்று கேட்கிறதா, நடுவில் லேசாகத் தொய்ந்து மழைத் தண்ணீர் நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காரைத் தெருவில் நிறுத்துங்கள். டாய்லெட் அடைப்பு தொல்லைதான், ஆனால் இது ஆளைக் கொல்லும்.

சரி, சோக்பிட் ஏன் வாங்காமல் போனது? ஒன்பது வருடத்தில் அதன் சுவரிலும் அடியிலும் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும். டேங்கிலிருந்து தப்பி வந்த சேறு, சமையல் எண்ணெய், அதைத் தின்று வளர்ந்த கிருமிகள், எல்லாம் சேர்ந்தது அது. காபி ஃபில்டரின் ஓட்டைகளில் நைஸ் தூள் அடைத்துக்கொண்டால் டிகாக்‌ஷன் சொட்டு சொட்டாக நிற்குமே, அதே கதிதான். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் மண். சேலத்தில் பல இடங்களில் மேலே கொஞ்சம் செம்மண்ணோ களியோ இருக்கும், சில அடியிலேயே சுக்கான்கல் தட்டும், அதற்குக் கீழே கரும்பாறை. பாறை தண்ணீரைக் குடிக்காது, அதன் வெடிப்புகள் மட்டும்தான் குடிக்கும். மலை அடிவாரத்தில் கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். சோக்பிட்டுக்கு வெளியேயும் அதே மட்டத்தில் தண்ணீர் நின்றால் உள்ளே இருப்பது எங்கே போகும்?

இதைக் கண்டுபிடிக்க உங்களிடமே கருவி இருக்கிறது, கிணறு. இன்று கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளங்கள். சோக்பிட்டின் அடிப்பாகம் அந்த மட்டத்துக்கு இரண்டு மீட்டராவது மேலே இருக்க வேண்டும். உறை பன்னிரண்டடி இறங்கியிருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் பத்தடியில் நிற்கிறது என்றால், அது கிணற்றோடு பேசிக்கொண்டிருக்கிற குழி. இன்னும் பத்தடி இறக்கினால் கொஞ்ச நாள் நன்றாகப் போகும்தான், ஏனென்றால் கழிவை நேராக நிலத்தடி நீரிலேயே விடுகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசில்தான் சொல்லியிருப்பார். அவர் வீட்டில் போர் இருந்தால் அவருக்கே அது கேடு.

மழைத் தண்ணீர் டேங்குக்குள் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மொட்டைமாடிக் குழாயைச் செலவு மிச்சம் என்று டாய்லெட் சேம்பரில் இணைத்துவிட்டுப் போகிற மேஸ்திரிகள் உண்டு. ஆயிரம் சதுரஅடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் தண்ணீர். அப்படி மூன்று மழை பெய்தால் காலி டேங்க்கூட நிரம்பிவிடும். மழை பெய்யும்போது டாய்லெட் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள், வீட்டில் யாரும் குழாயைத் திறக்காதபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் புரிந்துவிடும்.

சத்தமே இல்லாமல் டேங்கை நிரப்புகிற இன்னொரு ஆசாமி வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க். உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்தால் நூல் மாதிரித் தண்ணீர் இரவும் பகலும் இறங்கும், வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் போகும். ராத்திரி படுக்கப் போகும்போது சமையலறையில் இருக்கிற கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகையை ஃப்ளஷ் டேங்கில் போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம். கிண்ணத்தில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்றுங்கள். சோக்பிட்டைப் பற்றி முடிவு எடுப்பதற்கு முன் இதை அவசியம் செய்யுங்கள். மலிவான வைத்தியத்தை முதலில் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

கிணறு பற்றி நீங்கள் கேட்கவில்லை. குடிப்பது மேட்டூர்த் தண்ணீர்தானே, கிணறு பாத்திரம் கழுவத்தானே என்று விட்டிருப்பீர்கள். சோக்பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர், அதாவது அறுபதடி இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. முப்பதுக்கு நாற்பது மனையில் அது எப்படி முடியும்? அதோடு பாறை நிலத்தில் அறுபதடி என்பதும் உத்தரவாதம் இல்லை. மணலாக இருந்தால் தண்ணீர் வடிகட்டப்பட்டு மெதுவாக நகரும். பாறை வெடிப்பில் வடிகட்டல் கிடையாது, குழாயில் ஓடுகிற மாதிரி ஓடிவிடும். மழை பெய்து இரண்டு நாளில் கிணற்றுத் தண்ணீரில் வாடை, நுரை, வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் சோதிக்கத்தான் வேண்டும். ஹெச்2எஸ் பாட்டில் என்று ஒரு சின்ன சோதனை இருக்கிறது; பாட்டிலில் கோடுவரை தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கழிவுக் கிருமி இருந்தால் கறுத்துவிடும். சரியான அறிக்கை வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். மலத்திலிருந்து வருகிற ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிருமி கொதிக்க வைத்தால் சாகும், நைட்ரேட் போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். வளைகாப்பு நடக்கிற வீடு, அடுத்து கைக்குழந்தை வரப்போகிறது. பால் பவுடர் கலக்குகிற தண்ணீரில் நைட்ரேட் அதிகமானால் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும். வயல் உரத்தாலும் நைட்ரேட் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து டேங்கைக் குற்றம் சொல்ல முடியாது. ஈ.கோலையும் சேர்ந்து வந்தால் ஏதோ ஒரு டேங்க்தான். உங்களுடையதாகவும் இருக்கலாம், மேட்டுப் பக்கத்து வீட்டுடையதாகவும் இருக்கலாம்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் ஒரு வார்த்தை. மலையில் சோக்பிட் நிரம்பியதும் டாய்லெட்டில் தெரியாது, சரிவில் தெரியும். தண்ணீர் பக்கவாட்டில் ஊறிப்போய்ப் பத்து இருபதடி கீழே, தடுப்புச் சுவரின் ஓட்டை வழியாகவோ காப்பிச் செடிகளுக்கு நடுவிலோ கசியும். மழை ஊற்று என்று நினைத்துவிடுவார்கள். மழை நின்று வாரக்கணக்கில் ஆகியும் சுவர் ஓட்டையில் ஈரமும் கறுப்பு வழவழப்பும் இருந்தால் அது ஊற்று இல்லை. கீழே இருப்பவர் அந்த ஊற்றைக் குடித்துக்கொண்டிருக்கவும் கூடும். குளிரில் கிருமிகளின் வேலை மந்தமாகும், அதனால் சேறு சமவெளியைவிடச் சீக்கிரம் சேரும். ஐந்து பேருக்குக் கட்டிய டேங்கில் மே மாதம் சனி ஞாயிறு பதினைந்து பேரைத் தங்கவைத்தால் திங்கட்கிழமை நாறத்தான் செய்யும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி லாரி வர வேண்டும், எஸ்டேட் பாதையில் உள்ளே நுழையாது என்று தள்ளிப்போடுகிறார்கள். கோடைவிழாக் கூட்டத்துக்கு முன்பே, பங்குனியில் எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பாக்டீரியா பவுடர், ஈஸ்ட், வெல்லக் கரைசல், சாணிக் கரைசல் எல்லாம் பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. தேவையான கிருமி மலத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது. கெட்டிச் சேற்றைக் கரைக்கிற மாயம் எந்தப் பவுடரிலும் இல்லை, அடைத்த சோக்பிட்டை அது திறக்கவும் திறக்காது. ஆசிட்டை வாளி வாளியாக ஊற்றினால் இருக்கிற கிருமியும் செத்துப்போகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

இனி என்ன செய்யலாம்? மட்டம் வெளியேறும் குழாய்க்கு மேலே நிற்கிறது, டீ அடைக்கவில்லை, ஃப்ளஷ் ஒழுகவில்லை, மழைக்குழாய் சேரவில்லை என்றால் சோக்பிட்டையும் சேர்த்து லாரியில் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு, டேங்க் இன்னும் நிறையாத அந்த நாட்களில், சோக்பிட்டில் தண்ணீர் தானாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வெளியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே வருகிறது, அந்த இடமே சோக்பிட்டுக்கு லாயக்கில்லை. ஏறாவிட்டால் ஒரு டிரம் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறித்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். அப்படியே நின்றால் படலம் பிடித்துவிட்டது. பழைய குழியைக் கிளறுவதைவிட, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக, ஆழம் குறைவாக, அகலமாக ஜல்லி நிரப்பிய வாய்க்கால் மாதிரிப் போடுவது நல்லது. போடுவதற்கு முன் அந்த இடத்தில் மூன்றடிக் குழி எடுத்து, முதல் நாள் முழுக்க ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் ஊற்றி, ஒரு அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணிக்குள் இறங்கினால் சோக்பிட்டும் போடலாம், வாய்க்காலும் போடலாம். ஒரு மணிவரை ஆனால் வாய்க்கால் மட்டும். அதற்கும் மேலே போனால் அந்த மண்ணில் எதைப் போட்டாலும் வீண்; டேங்கை அடுத்து ஜல்லி ஃபில்டர் தொட்டி கட்டுவதைத்தான் யோசிக்க வேண்டும். தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் இத்தனையும் வேண்டாம், இணைப்புக்கு எழுதிக்கொடுங்கள். இணைத்த பிறகு பழைய டேங்கைக் காலி செய்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி மூடிவிடுங்கள். சும்மா விட்டால் அந்த சிலாப் என்றைக்காவது யார் காலடியிலாவது உடையும்.

வளைகாப்புக்கு முன் புதுக்குழி முடியாது என்று வைத்துக்கொள்வோம். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு டேங்க், சோக்பிட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். 5,600 லிட்டர் இடம் இருந்தால் அறுபது பேர் ஒரு நாள் வந்து போவதைத் தாராளமாகத் தாங்கும். பந்தி கை கழுவுகிற தண்ணீர், சமையல்காரர் அண்டா கழுவுகிற தண்ணீர் இரண்டையும் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள், டேங்குக்கு வர வேண்டாம். போர்டிகோவில் பந்தல் போட்டு ஐம்பது நாற்காலி போடுவார்கள். சிலாப்பின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்து, மேஸ்திரி ஒருவரிடமும் காட்டிய பிறகுதான் அங்கே ஆள் உட்காரலாம். அவர் வேண்டாம் என்றால் பந்தலை மாடிக்கு மாற்றிவிடுங்கள்.